களரியிலிருந்து மேடைக்கு: கூத்தும் ஈழத்துத் தமிழர் அடையாளமும்

பேராதனையில் இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர் 1962ஆம் ஆண்டில் 'கர்ணன் போர்' என்னும் வடமோடிக் கூத்தை மேடையேற்றினர். அதனைத் தயாரித்தளித்தவர் சு. வித்தியானந்தன், ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்ற தமிழறிஞரும் கிராமத்து அண்ணாவியாரும் ஒரே ஆற்றுகைக்காக ஒன்றுகூடியமை ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றிற் பெருமையோடு பேசப்படும் நிகழ்ச்சியாகும். அதனை ஒரு கலை மறுமலர்ச்சியாகக் காண்பதே வழக்கம். எனினும், அது தோன்றிய சூழலையும் அதன் பின்விளைவுகளையும் சேர்த்து நோக்குவோர்க்கு அதனுள் வேறொரு வினாவும் புலப்படும். கூத்து யாருடையது என்பதே அவ்வினா.

அதற்கு முந்திய அரை நூற்றாண்டிலே கற்றோர் எவரும் கூத்தைத் தம்முடையதென்று உரிமை கோரவில்லை. நகரங்களில் ஆங்கிலங் கற்ற உத்தியோகத்தர் நாடகம் என்று கொண்டது பம்மல் சம்பந்த முதலியாரின் வழிவந்த சபா நாடகத்தையே. கலையரசு சொர்ணலிங்கம் போன்றோர் அம்மரபிலே அரும்பணி செய்தனர். தமிழகத்திலிருந்து வந்த குழுக்களின் வாயிலாகப் பரவிய இசை நாடகத்துக்கோ யாழ்ப்பாணத்திற் பெருந்தொகையான இரசிகர் இருந்தனர். கூத்து மட்டும் படிப்பறிவில்லாதோரின் பொழுதுபோக்கெனத் தள்ளப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அது பெரிதும் ஒடுக்கப்பட்ட சாதியினரிடையேயும் கத்தோலிக்கரிடையேயும் நிலைத்திருந்தமை இவ்விகழ்ச்சிக்கு ஒரு காரணம். மட்டக்களப்பில் நிலைமை வேறு. அங்கு அது ஊர் முழுவதும் பங்குகொள்ளும் சடங்காகவே வாழ்ந்தது. சட்டங் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என மாதக்கணக்கில் நீளும் அந்த ஒழுங்கிலே ஆடுபவனுக்கும் பார்ப்பவனுக்கும் இடையே உறவுமுறை இருந்தது. களரியைச் சுற்றி இருந்தவர்களுக்கு அருச்சுனனாக ஆடுபவன் இன்னாரின் மருமகன் என்பது தெரியும்.

இந்நிலை மாறியதற்குக் கலையார்வம் மாத்திரம் காரணமாகாது. 1956ஆம் ஆண்டு சிங்களத்தை மட்டும் அரச கருமமொழியாக்கிய சட்டம் நிறைவேறிற்று. அதே ஆண்டு நவம்பரில் எதிரிவீர சரச்சந்திராவின் 'மனமே' கொழும்பில் அரங்கேறிற்று. சிங்கள நாட்டார் அரங்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அவர், நாடகம என்னும் பழைய வடிவத்தின்மீது அதனை அமைத்திருந்தார். அந்த நாடகமவோ தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடையது. அதன் பெயரும் இசையும் அரங்க முறையும் அவ்வுறவைக் காட்டுவன. சிங்களவரின் தேசிய நாடகம் என்று கொண்டாடப்பட்ட ஆக்கம் தமிழ்க் கூத்தின் உறவுடைய வடிவமொன்றிலிருந்து எழுந்தது என்பதும், அது மொழிச் சட்டம் வந்த ஆண்டிலேயே எழுந்தது என்பதும் வரலாறு செய்யும் விந்தைகளுள் ஒன்று. மொழியாற் பிரிக்கப்பட்ட இரு சமூகங்களும் தத்தம் தனித்துவத்தைத் தேடிச் சென்ற பாதைகள் ஓரிடத்திற் சந்தித்ததை அன்று கவனித்தவர் சிலரே.

தமிழருக்கு அவ்வேளையிற் காட்டுவதற்கு எது இருந்தது? பரதமும் கருநாடக இசையும் உயர்ந்தனவாயினும் தமிழகத்தோடு பொதுவானவை. நடுத்தர வகுப்பார் வீடுகளிற் பயிலப்பட்டவை. 'எங்கள் மண்ணிலே முளைத்தது' என்று துணிந்து சொல்லத்தக்கது கூத்தாகவே இருந்தது. அக்காலத்திலேயே முற்போக்கு எழுத்தாளர் தேசிய இலக்கியம், மண்வாசனை ஆகிய கருத்துகளை முன்வைத்துத் தமிழகச் சார்பிலிருந்து ஈழத்து எழுத்தை விடுவிக்க முயன்றுகொண்டிருந்தனர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அதற்கு முன்பே தம் நாடகங்களில் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்திருந்தார். அவர் பேச்சுமொழிக்குச் செய்ததை அவருடைய மாணவராகிய வித்தியானந்தன் ஆட்டத்துக்குச் செய்தார் எனலாம்.

வித்தியானந்தனின் உழைப்பு சாதாரணமானதன்று. கலைக்கழகத்துத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக அவர் கிராமம் கிராமமாகச் சென்றார், போட்டிகளை நடத்தினார், அண்ணாவிமாரைச் சபைக்கு அழைத்துக் கௌரவித்தார். 'அலங்காரரூபன் நாடகம்' 1962இலும், மன்னார்ப் பகுதிக்குரிய 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' 1964இலும் அவரது பதிப்பாக வெளிவந்தன. ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்து செல்லரிக்கவிருந்தவை அச்சேறின. 'கர்ணன் போ'ரைத் தொடர்ந்து 1963இல் தென்மோடியில் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', 1968இல் 'வாலிவதை' என மேடையேற்றங்கள் வந்தன. இவற்றுள் 'இராவணேசன்' முன்னைய பிரதியைச் சுருக்கியதன்று. அன்று மாணவராயிருந்த சி. மௌனகுரு புதிதாக எழுதியது. தோற்பது உறுதியென அறிந்தும் போருக்குப் போகும் ஒருவனின் உள்ளத்தை ஆட்டத்தால் வெளிப்படுத்த முடியும் என்பதை அது நிறுவிற்று.

ஆயினும் களரியிலிருந்து மேடைக்கு வந்த வழியில் எவை கைவிடப்பட்டன என்பதும் ஆராயத்தக்கது. விடியும்வரை ஆடப்பட்டது சில மணித்தியாலத்துள் அடங்கிற்று. நாற்புறமும் சபையோர் இருந்த வட்டக்களரி போய், ஒரு புறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடை வந்தது. மீண்டும் மீண்டும் வரும் பாடல்களும் நீண்ட வரவாட்டங்களும் குறைக்கப்பட்டன. நகரத்துப் பார்வையாளர்க்கு இவை வேண்டப்பட்ட திருத்தங்களே. திருத்தாவிடின் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால், அலுப்பூட்டுவன என்று நீக்கப்பட்ட பகுதிகளே கிராமத்தில் உறவினர் எழுந்து வந்து சால்வை போர்த்தும் இடங்களாகவும், சிறுவர் உறங்கி எழும் இடைவெளிகளாகவும் இருந்தன. நேரம் குறைந்தபோது கூடவே ஒரு சமூக உறவும் குறைந்தது.

வேறொன்றும் நிகழ்ந்தது. ஊரிலே கூத்து 'தமிழருடையது' அன்று. அது இன்ன ஊரவருடையது, இன்ன அண்ணாவியாருடையது, சில இடங்களில் இன்ன சாதியாருடையது. அரச வேடம் யாருக்கு, ஏவலாளன் வேடம் யாருக்கு என்பதில் ஊரின் படிநிலை தலையிட்ட இடங்களும் உண்டு. பல்கலைக்கழக மேடையில் இவ்வடையாளங்கள் உதிர்ந்து, கூத்து ஓர் இனத்தின் பொதுச்சொத்தாகத் தோற்றம் பெற்றது. ஒருவகையில் இது விடுதலையே. எக்குடியிற் பிறந்த மாணவனும் கர்ணனாகலாம். மறுவகையில், கூத்தைக் காத்துவந்த மக்கள் பட்ட இழிவும் அதனோடு சேர்ந்து பார்வையிலிருந்து மறைந்தது. கலை சபையேறிய அதே காலத்தில் அதனை ஆடியவருட் பலர் கோயில் வாயிலுக்கு வெளியே நின்றனர் என்பதை மறத்தல் தகாது. 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்திருந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுட் செல்ல முயன்றோர் தடுக்கப்பட்டனர்.

இந்த மறைப்பைக் கலைத்தது இன்னொரு கூத்து. என்.கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் குழுவினர் காத்தவராயன் கூத்துப் பாணியில் அமைத்து, அறுபதுகளின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணக் கிராமங்களில் ஆடினர். ஆலயப் பிரவேசப் போராட்டமே அதன் பொருள். முருகனும் நாரதரும் அதில் வருகின்றனர். வந்து நிற்கும் இடமோ மூடிய கோயிற் கதவின் முன். பார்த்திருந்தோருக்கு அக்கதவு புராணத்துக் கதவன்று, அடுத்த தெருவிலுள்ளது. அதே காலப்பகுதியில் மௌனகுருவின் 'சங்காரம்' வடமோடி ஆட்டத்தைக் கொண்டே வர்க்க ஒடுக்குமுறையைப் பேசிற்று. பேராதனையிலே பயின்றதை அவர் வேறு திசையிற் செலுத்தினார் என்பது கருதத்தக்கது. பேராதனை மேடையேற்றங்கள் கூத்துக்கு மதிப்பைத் தேடிக் கொடுத்தன. இவை அதற்கு வாயைக் கொடுத்தன. முன்னையதின்றிப் பின்னையது இத்துணை எளிதாக எழுந்திராது என்பதும் உண்மையே. கற்றோர் நகைத்த வடிவமாகவே இருந்திருப்பின், அரசியல் நாடகம் செய்த இளைஞர் அதனைத் தேடிச் சென்றிருப்பரா என்பது ஐயம்.

கூத்தைப் பிரசாரத்துக்கு வளைத்துவிட்டனர் என்று அன்று சிலர் குறைபட்டதுண்டு. அக்குறை வரலாற்றறிவோடு பொருந்தாது. ஐரோப்பியக் கதையான எண்டிறீக்கு எம்பரதோரை மன்னார்க் கத்தோலிக்கர் கூத்தாக ஆடியபோதே அவ்வடிவம் புதிய பொருளை ஏற்கும் நெகிழ்ச்சியுடையது என்பது நிறுவப்பட்டுவிட்டது. மகாபாரதத்தை மட்டும் ஆடுவதே மரபு என்னும் எண்ணம் கூத்தரிடம் பிறந்ததினும், கூத்தைப் பாதுகாக்க வந்தோரிடம் பிறந்தது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

பின்வந்த போர்க்காலத்தில் ஊர்கள் பெயர்ந்தன. களரி இருந்த இடங்களில் ஆள் இல்லாது போயிற்று. போர் ஓய்ந்திருந்த 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கூத்தரும் சேர்ந்து 'கூத்து மீளுருவாக்கம்' என்னும் முயற்சியைத் தொடங்கினர். பேராதனை முயற்சி கூத்தை மேடைக்குக் கொணர்ந்தது. இது களரியிலேயே நின்றது. எதை வைத்திருப்பது, எதை மாற்றுவது என்பதை ஊரவர் கூடியிருந்து பேசினர். பழைய பாடல்களிற் பெண்ணை இழித்துரைக்கும் அடிகளும், சாதியைச் சுட்டும் சொற்களும் அங்கே விவாதத்துக்கு வந்தன. அண்ணாவியார் ஒரு கருத்துச் சொல்ல, ஆடும் இளைஞர் வேறொன்று சொல்ல, சில அடிகள் மாற்றியெழுதப்பட்டன. இம்முறை அதனைத் தீர்மானித்தவர்கள் கூத்தை ஆடுபவர்களே.