குறைமாதமும் குறைநிறையும்

இலங்கையின் கேகாலை மாவட்டத்தில், தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்ட லயங்களில் ‘கொறமாசத்துப் புள்ள’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. குறைமாதம் என்ற சொல் எண்ணுவது காலத்தை. ஏழாம் மாதத்துப் பிள்ளை தப்பும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்ற நம்பிக்கையும் அந்தக் கணக்கோடு ஒட்டி வந்தது. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில் எட்டாம் மாதப் பிள்ளைக்கென்றே ஒரு நூல் உண்டு. உண்மையில் வயிற்றில் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்தான்.

ஆஸ்பத்திரி வேறு கணக்கோடு வந்தது. பின்லாந்து மருத்துவர் ஆர்வோ யுல்ப்போ 1919இல் முன்வைத்த 2,500 கிராம் எல்லையை உலக சுகாதார ஸ்தாபனம் 1948இல் ஏற்றது. அதற்கு மேற்படாத நிறையுள்ள பிள்ளை எல்லாமே குறைமாதம். தாய் மாதத்தைத் தவறவிடலாம், தராசு தவறாது என்பது அதன் நியாயம்.

தோட்டத்தில் அந்த நியாயம் நிற்கவில்லை. தமிழில் ‘நிறை’ என்பது எடை, முழுமை இரண்டுக்கும் பொது. ஆனால் நிறைமாதத்தில் பெற்ற பிள்ளையும் நிறை குறைந்து பிறந்தது. காரணம் தாயின் இரத்தத்தில் இருந்தது. ராக்ஃபெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கையில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தோட்டத் தொழிலாளரிடமே தொடங்கியது. 1934-35 மலேரியா கேகாலை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. கொக்கிப்புழுவால் சோகை பிடித்த தாயின் பிள்ளை மாதம் நிறைந்தும் மெலிந்திருக்கும். மலேரியாவோ மாதத்தையே முந்த வைக்கும். இந்த இரண்டு துயரத்துக்கும் ஆஸ்பத்திரி வைத்திருந்தது ஒரே பெயர்.

1961இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு பெயரைப் பிரித்தது. 37 வாரம் நிறையாதது குறைமாதம். 2,500 கிராம் எல்லைக்குள் நிற்பது குறைநிறை. பிரித்தது வீணில்லை. குறைமாதப் பிள்ளைக்கு நுரையீரல் முற்றியிராது, சப்பிக் குடிக்கவும் பழகியிராது. மாதம் நிறைந்து மெலிந்த பிள்ளை பெரும்பாலும் தானே மூச்சுவிடும், பால் குடிக்கும்; அதன் இரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் பார்க்கவேண்டும். லயத்துக் கிழவி கேட்கும் “எத்தனாம் மாசம்?” என்ற கேள்விக்கு மருத்துவம் திரும்பி வந்தது.

இரு பிள்ளைகளுக்கும் பொதுத் தேவை சூடு. பாரிஸ் மருத்துவர் தார்னியே, விலங்குக் காட்சிச்சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துத்தான் 1880இல் பிள்ளைப் பெட்டி செய்வித்தார். தமிழ்க் கலைச்சொல் ‘அடைகாப்பி’; ஜனங்கள் வாயில் அது ‘கண்ணாடிப் பெட்டி’. 1940களில் பெட்டிக்குள் தாராளமாக விட்ட ஒட்சிசன், உலகெங்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கண்ணைப் பறித்தது. அந்தக் காரணத்தை மெல்பேர்ன் மருத்துவர் கேட் கேம்பல் 1951இல் சுட்டினார். சூட்டைச் சற்றுக் கூட்டினாலே கூடுதல் பிள்ளைகள் பிழைக்கும் என்று நியூயோர்க் மருத்துவர் சில்வர்மன் காட்டியது 1958இல்.

பெட்டி போதாத பொகோட்டா ஆஸ்பத்திரியில் 1978இல் மருத்துவர் எட்கார் ரேய் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு தோல்படக் கட்டிவைக்கச் சொன்னார். அதுவே கங்காரு முறை. பிறந்த உடனேயே, பெட்டியில் வைக்குமுன்பே அதைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் பரிந்துரைத்தது.