அறிந்தே ஏற்ற மரணம்

உடப்புசல்லாவை முதலிய மலைப்பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய மக்களின் மூதாதையர், தமிழ்நாட்டின் வானம்பார்த்த சிற்றூர்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். மழை பொய்த்து வயல் வறண்ட காலங்களில், அவ்வூர்களின் இளைஞர் சிலர் கங்காணியின் பின்னே தோட்டங்களுக்குச் சென்றனர். வேறு சிலர் பட்டாளத்திற் சேர்ந்தனர். பட்டாளத்து வழியே சென்று, உலகம் வியக்கும் புகழை இறந்தபின் பெற்ற ஒருவரே சுபேதார் சுப்பிரமணியன்.

காஞ்சிபுரத்தை அடுத்த கீழொட்டிவாக்கத்தில் 1912ஆம் ஆண்டு பிறந்த அவர், 'மதராஸ் சாப்பர்ஸ்' எனப்படும் பொறியியற் படையில் பணிபுரிந்தார். 1780ஆம் ஆண்டு முதல் தொடர்ந்த மரபினை உடையது அப்படை. பாலம் அமைத்தல், பாதை திருத்தல், பகைவர் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றுதல் ஆகியன அதன் தொழில்கள். அப்படையினரைப் பிற வீரர் அன்புடன் அழைக்கும் பெயர் 'தம்பி' என்பதாகும்.

இரண்டாம் உலகப்போரில் நான்காவது இந்தியப் படைப்பிரிவு வட ஆபிரிக்காவிற் போரிட்டபின் இத்தாலிக்குச் சென்றது. 1944ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் கசினோ மலையருகே கடும்போர் நிகழ்ந்தது. அதற்குத் தெற்கே மிஞ்ஞானோ என்னும் ஊரைச் சூழ்ந்த நிலமெங்கும் ஜெர்மானியர் கண்ணிவெடிகளைப் புதைத்துச் சென்றிருந்தனர்.

அவற்றுள் ஒரு வகை மிகக் கொடியது. அதன்மேற் கால் பட்டதும் முதலிற் சிறு ஓசை மட்டுமே எழும். ஏறக்குறைய நான்கு விநாடிகள் கழித்து வெடி நிலத்தினின்று மேலெழுந்து, இடுப்பளவு உயரத்தில் வெடிக்கும். உள்ளிருக்கும் நூற்றுக்கணக்கான உருக்குக் குண்டுகள் நாற்புறமும் பாயும். மிதித்தவனோடு, சூழ நின்றவர்களையும் மாய்க்கவே அது செய்யப்பட்டது.

பெப்ரவரி 24ஆம் நாள், வெடியினாற் காயமுற்றுக் கிடந்தோரை மீட்க ஒரு சிறு குழு அந்நிலத்திற் புகுந்தது. வெடி காணும் கருவியுடன் சுப்பிரமணியன் முன்னே சென்றார். பாதுகாப்பான தடத்தைக் காட்ட வெள்ளை நாடாவை விரித்தபடி ஒரு வீரர் அவரைத் தொடர்ந்தார். அவ்வீரரின் காலடியிற் சிறு ஓசை எழுந்தது. அதன் பொருளைச் சுப்பிரமணியன் உடனே உணர்ந்தார். விலகி ஓடவில்லை, வெடியின் மேல் பாய்ந்து, தம் உடலால் அதனை மூடினார். குண்டுகளின் வேகம் முழுவதையும் அவர் உடல் ஏற்றது. அவர் மாண்டார், உடன் வந்தோர் உயிர் பிழைத்தனர்.

ஆபத்தை அறியாதவன் அஞ்சாமல் நிற்பது பெரிதன்று. சுப்பிரமணியனோ அவ்வெடியின் இயல்பை நன்கறிந்தவர். எத்தனை விநாடி எஞ்சியுள்ளது, அதன் மேல் வீழ்பவனுக்கு நேர்வது யாது என்பன அவர் தொழிலே கற்பித்த பாடங்கள். பிறர் உயிரைக் காக்க என்ன விலை தரவேண்டும் என்பதை முற்றும் அறிந்தே அவ்விலையைக் கொடுத்தார். அவருடைய தியாகத்தின் பெருமை இந்த அறிவிலேதான் இருக்கிறது.

அவ்வாண்டு ஜூன் மாதம் அவருக்கு 'ஜார்ஜ் சிலுவை' விருது அறிவிக்கப்பட்டது. 1940ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட இவ்விருது, பகைவரை நேர்நின்று பொருத வீரத்துக்கு வழங்கப்படும் விக்டோரியாச் சிலுவையோடு ஒப்பவைத்து எண்ணப்படுவது. அதனை நேரடியாக வழங்கப்பெற்ற முதல் இந்தியர் சுப்பிரமணியனே. டெல்லியில் வைசிராய் வேவல் பிரபுவின் கையிலிருந்து அவருடைய துணைவியார் அதனைப் பெற்றுக்கொண்டார். உலகம் போற்றிய அவ்வெள்ளிச் சிலுவை, இல்லத்தில் வெறுமையான ஓரிடத்தை நிரப்ப வல்லதன்று. ஆயினும், இழப்பு வீண்போகவில்லை என்று ஒரு சமூகம் அக்குடும்பத்திற்குக் கூறும் சொல் அது. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி, அதிற் பெயரும் பீடும் பொறித்த பழந்தமிழர் கூறியதும் அச்சொல்லே.

கண்ணிவெடியின் கொடுமை இலங்கைக்குப் புதியதன்று. 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் வன்னி நிலத்தில் வெடிகளை அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நீண்டது. ஆண்களோடு பெண்களும் முழந்தாளிட்டு, மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றித் தேடினர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத்திலிருந்து சென்ற பல குடும்பங்கள் குடியேறிய மண்ணும் அதுவே. 2017ஆம் ஆண்டு, ஆட்களுக்கு எதிரான கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது.

மிஞ்ஞானோவில் ஒரு தமிழர் தம் உடலால் மூடியது ஒரு வெடியை. அத்தகைய வெடிகள் இனி எங்கும் புதைக்கப்படாதிருக்கச் செய்வதே, அவருக்கு உலகம் செலுத்தவேண்டிய எஞ்சிய மரியாதை.