கண்ணாம்பாவின் தமிழும் எங்கள் ஊர் டென்ட்டுக் கொட்டாயும்

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகராறு. ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் ஒரு தம்பி, "வீட்டுல தெலுங்கும் கன்னடமும் பேசுறவனுக்குத் தமிழ்ப் பற்று எங்கிருந்து வரும்?" என்று எழுதியிருந்தார். பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். எனக்குப் பிடித்த மாணவன்தான் அவன், அதனால் பெயர் வேண்டாம். அன்றைக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வழி பழைய சினிமா, அதன் வழியாகவே வருகிறேன்.

நம் போச்சம்பள்ளியில் அப்போது டென்ட்டுக் கொட்டாய்தான். (சேலைக்குப் பேர்போன போச்சம்பள்ளி தெலங்கானாவில் இருக்கிறது. நம்முடையது சந்தைக்குப் பேர்போனது. வெளியூர்க்காரர்கள் இன்னும் குழப்பிக்கொள்கிறார்கள்.) கிருஷ்ணகிரி மாவட்டமும் இல்லை, தர்மபுரி மாவட்டமும் இல்லை, எல்லாம் சேலம் மாவட்டம். மணல் தரை, ஒரே புரொஜக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் ஒரு இடைவேளை. புதுப்படம் எங்களிடம் வந்து சேர ஒரு வருஷம் ஆகும். பழைய படங்கள் திரும்பத் திரும்ப வரும். அப்படித் திரும்ப வந்த படம் 'மனோகரா'.

1954 மார்ச்சில் வெளிவந்த படம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், கலைஞர் கருணாநிதியின் வசனம், ஜூபிடர் தயாரிப்பு. சிவாஜிக்கு அப்போது வயது 25. சங்கிலியோடு தர்பாரில் நின்று அவர் பேசுவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது அவருடைய தாயாக, ராணி பத்மாவதியாக வந்த பி. கண்ணாம்பாவைப் பற்றி.

அந்த அம்மாவின் நடிப்பைக் கவனித்துப் பாருங்கள். படத்தில் முக்கால் பங்கு அவர் மகனை அடக்குகிறவர்தான். பொங்கி எழுபவனைக் கையமர்த்துவார். அவமானத்தைத் தானே விழுங்குவார், முகத்தில் பெரிய அசைவு இருக்காது. கழுத்து மட்டும் நிமிர்ந்திருக்கும். கடைசியில், தூணில் பிணைக்கப்பட்டு நிற்கும் மகனைப் பார்த்து, இனிப் பொறுக்க வேண்டாம் என்று ஆணையிடும்போது, அதுவரை அடக்கி வைத்த குரல் முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வரும். தூண்கள் அதற்குப் பிறகுதான் சாய்கின்றன. ஆனால் தூணைச் சாய்த்தது அந்தக் குரல்தான் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும். வல்லின எழுத்துகள் ஒவ்வொன்றும் கல்லில் உளி விழுந்த மாதிரி இருக்கும்.

அந்தக் கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு. ஏலூர்க்காரர், தெலுங்கு நாடக மேடையிலிருந்து வந்தவர். தமிழ் வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்வார் என்று சொல்வார்கள். 'மனோகரா'வை இயக்கிய எல்.வி. பிரசாத்தும் ஏலூர்ப் பக்கம்தான். இன்னொன்றும் உண்டு. 1942இல் வந்த 'கண்ணகி' படத்தில், இளங்கோவனின் செந்தமிழ் வசனத்தைப் பேசிப் பாண்டியன் சபையில் நீதி கேட்டவரும் இதே கண்ணாம்பா. சிலப்பதிகாரத்தைப் படிக்க வாய்ப்பில்லாத எத்தனையோ ஆயிரம் பேருக்குக் கண்ணகியின் முகமும் குரலும் இவருடையவைதான்.

இது தனிப்பட்ட ஒருவரின் கதை இல்லை, அன்றைய சென்னை ஸ்டூடியோக்களின் வழக்கமே இதுதான். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பரில் மொழிவழி எல்லைகள் போட்டாகிவிட்டது. மாநிலம் பிரிந்தாலும் வடபழனி பிரியவில்லை. ஒரே கதையை, ஒரே அரங்கில், நடிகர்களில் சிலரை மட்டும் மாற்றித் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார்கள். 1955இல் 'மிஸ்ஸியம்மா' அப்படித்தான். தெலுங்கில் என்.டி. ராமராவ், தமிழில் ஜெமினி கணேசன். சாவித்திரியும் எஸ்.வி. ரங்காராவும் இரண்டிலும் உண்டு. 1957இல் 'மாயா பஜார்'. கடோத்கஜனாக ரங்காராவ் கதாயுதத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து வரும் நடைக்கு எந்த மொழியும் வேண்டாம்.

ரங்காராவின் தமிழில் தெலுங்கு வாடை லேசாக இருக்கும். இருக்கட்டுமே. 'படிக்காத மேதை' (1960) பாருங்கள். ரங்கனை வீட்டை விட்டு அனுப்பிய பிறகு பாரதியின் பாட்டு ஒன்று வரும். அந்தப் பாட்டு முடியும் வரை ரங்காராவின் முகத்தை மட்டும் பாருங்கள். சிவாஜி இல்லாத இடத்திலும் சிவாஜியின் பாத்திரத்தை உயர்த்திக் காட்டுகிறார். அவரை அப்பா என்று நினைத்து அழாத ஆள் எங்கள் கொட்டாயில் இல்லை.

பி.ஆர். பந்துலு என்ற பெயரை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கத்து மண். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) அவர் எடுத்தது. அதற்குத்தான் 1960இல் கெய்ரோ ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. 'கப்பலோட்டிய தமிழன்' (1961) அவர் எடுத்தது. தமிழன் என்று தலைப்பிலேயே போட்டு, வ.உ.சி.க்காகக் கைக்காசை இழந்தவர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்! 'கர்ணன்' (1964) அவர் எடுத்தது. அதில் குந்தியாக வரும் எம்.வி. ராஜம்மா கன்னடத்தவர். 2012இல் அந்தப் படத்தைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டபோது கிருஷ்ணகிரியில் இருக்கிற என் பேரனே இரண்டு தடவை பார்த்தான். நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படத்தில் கண்ணனாக வரும் ராமராவுக்கு இரவல் குரல்தான். எல்லோரும் கண்ணாம்பா ஆகிவிட முடியாது.

பெங்களூரில் பிறந்த சரோஜாதேவி இரவல் குரலில்லாமல் பேசினார். அவர் தமிழ் கொஞ்சுகிற தமிழ், இலக்கணப்படி பார்த்தால் நான் மதிப்பெண் குறைப்பேன். ஜனங்கள் குறைக்கவில்லை. 'கன்னடத்துப் பைங்கிளி' என்று பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பட்டத்தை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். அவர் ஊரை மறைக்கவில்லை, அதைச் சேர்த்தே கொண்டாடினார்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. கன்னடத்தின் அடையாளமாகவே ஆன ராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்றைக்கு ஈரோடு மாவட்டம் தாளவாடிப் பக்கம், நம் எல்லைக்குள்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது மூட்டை முடிச்சோடு ஓசூர் வந்து இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகும் எத்தனை முறை அத்திப்பள்ளியில் பஸ் நின்றுபோயிருக்கிறது. பயமும் கோபமும் எனக்குத் தெரியாதவை அல்ல. அதனால்தான் அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான்.

இனி உங்களிடம் நான் முப்பது வருஷம் சொல்லாத ஒன்று.

என் வீட்டு மொழி தெலுங்கு. அம்மா கோலார்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஆறாம் வகுப்பில் எனக்கு 'ழ' வராது. 'வாழை' என்பதை 'வாளை' என்று படித்தேன். ஒரு வாத்தியார் வகுப்பு முழுக்க சிரிக்கும்படி என்னை நிற்கவைத்து நாலைந்து தடவை அதையே சொல்ல வைத்தார். அதன் பிறகு பல மாதம் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

எங்கள் வீடு கொட்டாய்க்குப் பின்பக்கம். டிக்கெட்டுக்குக் காசு இல்லாவிட்டாலும் வசனம் வீடு தேடி வரும். 'மனோகரா' ஓடிய நாட்களில் திண்ணையில் படுத்தபடி தினமும் கேட்டேன். ஒரு ராத்திரி கண்ணாம்பா பேசும்போது அம்மா தெலுங்கில் சொன்னார்: "இந்தம்மா நம்ம பாஷைக்காரம்மாடா." நான் நம்பவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். மறுநாளிலிருந்து அந்தக் குரலோடு கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தேன். நாக்கை எங்கே மடக்குகிறார் என்பது பார்க்காமலே பிடிபட்டது. 'ழ' வந்தது. அந்தப் படம் ஊரை விட்டுப் போவதற்குள் ராணியின் வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடம்.

பிறகு புலவர் படிப்பு, வேலை, நீங்கள். உங்களில் யாராவது 'ழ' தவறினால் நான் சிரித்ததில்லை என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் என் வீட்டில் என்ன மொழி என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். அது என் கோழைத்தனம். பெற்றோர் யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மாவை உள்ளே இருக்கச் சொன்னதுகூட உண்டு. அம்மா ஒன்றும் கேட்டதில்லை.

தம்பி, நீ பத்தாம் வகுப்பில் தமிழில் 96 வாங்கியபோது உன் அப்பா சந்தையிலிருந்து ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கி உள்ளே வைத்தது என் அம்மாதான்.

வருகிற ஞாயிறு சந்தைக்கு வருகிறவர்கள் மதியம் வீட்டுக்கு வாருங்கள். மருமகள் போளி சுடுவதாகச் சொல்லியிருக்கிறாள். டிவியில் 'மனோகரா' போடுகிறேன். கண்ணாம்பா வரும் இடங்களில் மட்டும் யாரும் பேசாதீர்கள்.