கலங்கிய மனத்தின் குரல்: ஸ்கார்ஃபேஸின் முதல் தனித்தொகுப்பும் ஹூஸ்டன் ராப்பும்

1991ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரில் ஒரு பாட்டு வீடு மாறிப் போனது. ஸ்கார்ஃபேஸ் என்ற பெயரில் ராப் பாடிவந்த பிராட் ஜோர்டனுக்கு அப்போது இருபது வயது. தன் முதல் தனித்தொகுப்புக்கென்று 'மைண்ட் ப்ளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ' என்ற பாட்டை எழுதிவைத்திருந்தார். ராப்-எ-லாட் நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் பிரின்ஸ் அதை வாங்கி, ஸ்கார்ஃபேஸும் ஓர் உறுப்பினராயிருந்த கெட்டோ பாய்ஸ் குழுவின் தொகுப்பில் சேர்த்துவிட்டார். ஜூலையில் அந்தத் தொகுப்பு வெளிவந்தது. பாட்டு பில்போர்டு பட்டியலில் 23ஆம் இடம்வரை ஏறியது. அக்டோபரில் 'மிஸ்டர் ஸ்கார்ஃபேஸ் இஸ் பேக்' கடைக்கு வந்தபோது, அதற்காகவே பிறந்த பாட்டு அதில் இல்லை.

அமெரிக்கத் தென்மாநில ராப்பின் வரலாற்றை எழுதுவோர் பலர் அந்த ஒற்றைப் பாட்டோடு நின்றுவிடுகிறார்கள். அது போன பிறகு எஞ்சிய பன்னிரண்டு பாட்டுகளைத்தான் நாம் ஊன்றிக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பயமும் குற்றவுணர்வும் தூக்கமின்மையும் ஒரு குண்டனின் வாயிலிருந்தே பேசும் முறை அந்த ஒரு பாட்டின் தற்செயல் அன்று. தொகுப்பு முழுவதற்கும் அதுவே அடித்தளம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஹூஸ்டனின் பழைய இசைவழிக்குப் போக வேண்டியிருக்கிறது. நகரின் ஐந்தாம் வார்டில் டான் ரோபி என்ற கறுப்பின வணிகர் 1949இல் பீகாக் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். பிக் மாமா தார்ன்டன் பாடிய 'ஹவுண்ட் டாக்' 1953இல் அங்கிருந்துதான் வந்தது. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாடியது மூன்றாண்டு கழித்து. காஸ்பெல் குழுக்களும் ப்ளூஸ் பாடகர்களும் ஒரே நிறுவனத்தில் பதிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனையும் சனிக்கிழமை இரவின் பாவமும் அடுத்தடுத்த இசைத்தட்டுகளில் சுழன்றன. ரோபி 1973இல் நிறுவனத்தை விற்றுவிட்டார். பழைய கார் விற்றுவந்த ஜேம்ஸ் பிரின்ஸ், தன் தம்பியைத் தெருவிலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் 1980களின் பிற்பகுதியில் ராப்-எ-லாட்டைத் தொடங்கியதும் அதே வார்டின் பிள்ளையாகத்தான். பீகாக்கிலிருந்து ராப்-எ-லாட்டுக்கு நேர்வாரிசு உறவு கிடையாது. ஆனால் நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சலஸையும் எதிர்பாராமல் சொந்த ஊரிலேயே பதிவு செய்து, சொந்த ஊரின் பேச்சிலேயே விற்கலாம் என்ற துணிச்சல் அந்தத் தெருக்களுக்குப் புதிதல்ல.

கெட்டோ பாய்ஸ் குழுவின் 1988ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கேட்டால் நியூயார்க்கின் ரன்-டிஎம்சி நிழல் அப்பட்டமாகத் தெரியும். பிறகு ஆட்கள் மாறினார்கள். ஐந்தாம் வார்டின் வில்லி டி, உயரம் குறைந்த புஷ்விக் பில், நகரின் தென்பகுதியான சவுத் ஏக்கர்ஸிலிருந்து ஸ்கார்ஃபேஸ். 1990இல் ரிக் ரூபின் மறுவடிவம் கொடுத்த இவர்களுடைய தொகுப்பை, வரிகள் கொடூரமானவை என்று சொல்லி கெஃபன் நிறுவனம் விநியோகிக்க மறுத்தது. தெற்கிலிருந்து வந்த ஒரு ராப் குழுவின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது அந்த மறுப்பினால்தான்.

இத்தகைய ராப் நாடெங்கும் கவனம் பெற்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. 1991 மே மாதம் பில்போர்டு தன் ஆல்பப் பட்டியலுக்குக் கடைக்காரர்களின் வாய்ச்சொல்லை விட்டுவிட்டு, விற்பனையின்போதே எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறைக்கு மாறியது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. குழுவின் தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது. வானொலி தீண்டாத இசையை எவ்வளவு பேர் வாங்குகிறார்கள் என்பது திடீரென்று கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்கார்ஃபேஸின் தொகுப்பு வெளிவந்தது இந்த மாற்றத்துக்கு ஐந்து மாதம் பின்னால். பின்னர் அது ஐந்து லட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்றும் பெற்றது.

இனி பாட்டுகள். வீடு மாறிப்போன பாட்டின் தலைப்பான, மனம் தன்னோடு விளையாடுகிறது என்பது தன் பாட்டி வழக்கமாகச் சொல்லிவந்த பேச்சு என்று ஸ்கார்ஃபேஸே சொல்லியிருக்கிறார். பதின்வயதில் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் இருந்ததையும், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதையும் அவர் தம் நினைவுநூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இவற்றை அறிந்த பின் 'மர்டர் பை ரீசன் ஆஃப் இன்சானிட்டி', 'டயரி ஆஃப் எ மேட்மேன்' ஆகிய தலைப்புகளை வெறும் அதிர்ச்சி வியாபாரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அக்காலக் குண்டர் ராப்பில் 'நான்' என்பவன் அசைக்க முடியாதவன். இங்கே அந்த 'நான்' தன் புத்தியையே நம்பாதவன். மிரட்டும் குரலுக்கு அடியில் நடுக்கம் கேட்கிறது.

'எ மினிட் டு ப்ரே அண்ட் எ செகண்ட் டு டை' பாட்டில் இந்த முறை முதிர்கிறது. தெருவில் வாழ்ந்து தெருவிலேயே மடியும் ஓர் இளைஞனின் கதை அது. அடியில் ஓடுவது மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு 'இன்னர் சிட்டி ப்ளூஸ்'. இரவல் எடுத்த இசைத்துணுக்கு இங்கே அலங்காரமாக நிற்கவில்லை, சாட்சி சொல்கிறது. வரியும் வறுமையும் ஒருவனை எப்படி நசுக்குகின்றன என்று இருபது வருடம் முன்பு மார்வின் கே முறையிட்டதன்மேல், அந்த நசுக்கலில் வளர்ந்த தலைமுறையின் கதையை ஸ்கார்ஃபேஸ் வைக்கிறார். ஸ்கார்ஃபேஸின் குரல் கனமானது, அவசரமில்லாதது. ஒவ்வொரு சொல்லும் ஒரு பிரசங்கியின் அழுத்தத்தோடு விழுகிறது. அடுத்து வரும் கடைசிப் பாட்டின் பெயர் 'ஐ'ம் டெட்'. பேசுகிறவன் செத்தவன். ஒரு கலைஞன் தன் முதல் தொகுப்பைத் தன் சாவோடு முடிப்பது 1991இல் எவ்வளவு அரிய துணிவு!

தொகுப்பின் குறையையும் சொல்லியாக வேண்டும். 'தி பிம்ப்' பாட்டில் பெண்கள் பண்டமாக நடத்தப்படுகிறார்கள். தன் மனத்தை அவ்வளவு நுட்பமாகத் துழாவுகிற கவிஞனின் பார்வை அங்கே பெண்ணின் மனத்துக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. சாவைப் பற்றிய ஆழமும் பெண்ணைப் பற்றிய குருட்டுத்தனமும் ஒரே நாவிலிருந்து வருவது எனக்கு இன்றும் வலிக்கிறது.

1994இல் 'தி டயரி' பில்போர்டில் இரண்டாம் இடம் பிடித்தபோது, சாவைப் பற்றிய பாட்டுகள் அவருடைய தனி அடையாளமாகியிருந்தன. 1995இல் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் விருது விழாவில், கூச்சலிட்ட கூட்டத்துக்கு முன் அவுட்காஸ்ட் குழுவின் ஆந்த்ரே தெற்குக்கும் சொல்ல ஒரு செய்தி உண்டு என்று அறிவித்தார். தெற்கு விழித்த கணம் என்று அதை எழுதுகிறார்கள். ஹூஸ்டன் நான்கு வருடங்களாகவே பேசிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். டெஃப் ஜாம் நிறுவனம் தன் தென்கிளைக்கு ஸ்கார்ஃபேஸையே தலைவராக்கியது. அட்லாண்டாவின் லூடாகிரிஸ் 2000இல் அந்தக் கிளை வழியாகத்தான் நாடறியப்பட்டார். ஸ்கார்ஃபேஸ் தம் நினைவுநூலை 2015இல் வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர், வீடு மாறிப்போன அந்தப் புகழ்பெற்ற பாட்டினுடையது அன்று. முதல் தனித்தொகுப்பில் எஞ்சிய பாட்டுகளில் ஒன்றான 'டயரி ஆஃப் எ மேட்மேன்'.