கராஜில் பிறந்த கார்

2019ஆம் ஆண்டு கோடையில் லண்டன் சென்றிருந்தபோது, அங்கு வசிக்கும் என் அண்ணரின் மகன் தனது வீட்டின் பின்புறத்துக் கராஜைத் திறந்து எனக்கு ஒரு காரைக் காட்டினான். 1965ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. இருவர் மாத்திரம் அமரக்கூடிய, கூரையை மடித்து வைக்கத்தக்க சிறிய ஸ்போர்ட்ஸ் கார். ஒரு பக்கக் கதவு கழற்றப்பட்டுச் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இருக்கைகள் இல்லை. ஓடுகின்ற காரைக் காட்டுவான் என்று எதிர்பார்த்த எனக்கு அது ஒரு சத்திரசிகிச்சைக் கூடம் போலத் தோன்றியது.

கார்களைப் பற்றி எனக்குப் பெரிய ஞானம் கிடையாது. நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு பஸ்ஸின் கால அட்டவணை தெரிந்தாலே போதுமானது. ஆயினும் அவன் பொனற்றைத் தூக்கியபோது, உள்ளே இருந்த அந்தப் பச்சை கலந்த இரும்புப் பாளத்தை எங்கோ பார்த்த நினைவு வந்தது.

"இது கொப்பற்றை ஏ 40 இன்ரை எஞ்சின் மாதிரியெல்லோ கிடக்கு?" என்றேன்.

"அதின்ரை பேரப்பிள்ளைதான் சித்தப்பா. அதுக்காகத்தானே வாங்கினனான்" என்றான்.

அவன் சொன்னது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல என்பதைப் பின்னர் தேடி அறிந்தேன். 1947இல் ஒஸ்ரின் நிறுவனம் ஏ 40 டெவன் காருக்காக 1200 சிசி கொள்ளளவுள்ள ஓர் எஞ்சினை அறிமுகப்படுத்தியது. அதன் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 88.9 மில்லிமீற்றர். 1952இல் ஒஸ்ரினும் மொறிஸ் நிறுவனத்தை உள்ளடக்கிய நஃபீல்ட் குழுமமும் இணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் உருவானபின், இந்த எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு 1489 சிசி எஞ்சின் வந்தது. இதுவே பி வரிசை என்று அழைக்கப்பட்டது. மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், எம்.ஜி.ஏ. ஆகிய மூன்றிலும் இதுவே இருந்தது. தமிழ்நாட்டு வாசகர்கள் நன்கு அறிந்த அம்பாசடர் காரும் நெடுங்காலம் இதே எஞ்சினோடுதான் ஓடிற்று. 1962இல் எம்.ஜி.பி. வந்தபோது சிலிண்டரின் அகலத்தைக் கூட்டி 1798 சிசி ஆக்கினார்கள். பிஸ்டன் ஓடும் தூரம் மட்டும் அதே 88.9 மில்லிமீற்றர். 1980இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை அது மாறவில்லை.

ஆக, யாழ்ப்பாணத்து ஹயர் காரும் ஒக்ஸ்போர்ட்டுக்கு அருகில் பிறந்த ஸ்போர்ட்ஸ் காரும் ஒரு கொடிவழியைச் சேர்ந்தவை. இது தற்செயலும் அன்று. எம்.ஜி. என்ற பெயரின் விரிவே மொறிஸ் கராஜ் என்பதுதான். சைக்கிள் திருத்துநராக வாழ்வைத் தொடங்கிப் பின்னர் நஃபீல்ட் பிரபு ஆன வில்லியம் மொறிஸுக்கு ஒக்ஸ்போர்ட் நகரில் இருந்த விற்பனை மற்றும் திருத்துமிடம் அது. 1921இல் அங்கு விற்பனை முகாமையாளராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டில் பொது முகாமையாளரான சிசில் கிம்பர் என்பவர், மொறிஸின் சாதாரண குடும்பக் கார்களை எடுத்து, சட்டத்தைத் தாழ்த்தி, இலேசான உடலமைப்பைப் பொருத்தி, எஞ்சினைச் சீர்செய்து விற்கலானார். 1925இல் அவ்விதம் தயாரித்த ஒரு காரை லாண்ட்ஸ் எண்ட் நெடுந்தூரப் பரீட்சை ஓட்டத்தில் தாமே ஓட்டித் தங்கப் பதக்கமும் பெற்றார். 'பழைய முதலாம் இலக்கம்' என்று பெயர்பெற்ற அந்தக் காரே முதல் எம்.ஜி. எனப் பிற்கால விளம்பரங்கள் கூறின. அதற்கு முன்னரே எம்.ஜி. கார்கள் விற்பனையாகியிருந்தன என்பது விளம்பரம் எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் அந்தத் தந்திரம் எனக்குப் புதிதல்ல.

1929இல் கிம்பர் தமது தொழிலை ஏபிங்டன் என்னும் சிற்றூருக்குக் கொண்டு சென்றார். தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் கட்டடங்களில் அரை நூற்றாண்டு காலம் எம்.ஜி. கார்கள் உருவாகின. அவற்றின் உறுப்புகளிற் பெரும்பாலானவை வேறு கார்களுக்காக வேறிடங்களில் வார்க்கப்பட்டவை. ஏபிங்டனில் நடந்தது அவற்றைத் தேர்ந்து, திருத்தி, பொருத்தும் வேலை. கிம்பரின் முடிவு இரங்கத்தக்கது. 1941இல் நிறுவனத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட அவர், 1945 பெப்ரவரியில் லண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையத்தில் நிகழ்ந்த ரயில் விபத்தில் உயிரிழந்தார்.

பெறாமகனின் காருக்குத் திரும்புகிறேன். அவன் அதை வாங்கும்போது பளபளவென்றிருந்ததாம். விற்றவர் நல்ல மனிதர்; அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். எம்.ஜி.பிக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டம். கூரையும் இல்லாத காரில், கதவுகளின் கீழாக முன்சில்லிலிருந்து பின்சில்லுவரை ஓடும் 'சில்' எனப்படும் பெட்டி போன்ற தகட்டு வளைதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. இங்கிலாந்தின் மழைநீரும் பனிக்காலத்தில் வீதிக்கு இடும் உப்பும் முதலில் தின்பது அதைத்தான். ஏதோ ஒரு திருத்துமிடத்தில், உக்கிப்போன தகட்டை வெட்டி அகற்றாமல், அதன்மேலேயே புதிய தகட்டை ஒட்டவைத்துப் பூச்சு பூசியிருக்கிறார்கள். வெளியே புதுமாப்பிள்ளை; உள்ளே வெறும் கோது.

அவன் அதைக் கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. பழைய காரை வாங்கும் எவரும் எஞ்சினின் சத்தத்தைக் கேட்பார்கள். அவன் காரைப் பின்புறத்தில் ஜாக்கி வைத்து உயர்த்தி, கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். கதவு இடித்தது. தரையில் நிற்கும்போது சரியாக மூடும் கதவு, உயர்த்தியதும் இடிக்குமானால், கார் நடுவே மடிகிறது என்று பொருள்.

"எஞ்சின் பிழைச்சால் வீதியிலை நிப்பாய். சில் பிழைச்சால் நிக்கமாட்டாய்" என்றான்.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 2018 மே மாதம் முதல் பிரித்தானியாவில், நாற்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு வருடாந்தத் தகுதிப் பரீட்சை கட்டாயமில்லை. கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் அவை பெருமளவில் மாற்றப்படாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீதிக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளரையே சாரும். பழைய கார்களின் உரிமையாளர்கள் அவற்றைக் கண்ணும் கருத்துமாகப் பேணுகிறார்கள் என்ற நம்பிக்கையில் செய்த ஏற்பாடு. பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் ஒட்டுத் தகட்டின் கீழ் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கும் இன்னொரு சோடிக் கண்களும் இதனால் இல்லாது போயின. எனது பெறாமகன் விலக்கு இருந்தும் ஆண்டுதோறும் பரீட்சைக்குக் கொண்டுசெல்லத் தீர்மானித்திருந்தான்.

காரை முட்டுக்கொடுத்து நிறுத்தி, திறந்த உடல் வளையாதிருக்கக் குறுக்கே இரும்புச் சலாகை பூட்டி, ஒரு பக்கச் சில்லை முழுதாக வெட்டியெடுத்திருந்தான். புதிய தகட்டைக் கிடைத்த இடத்தில் உருக்கி ஒட்டுவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி, இடைவெளி மேலும் கீழும் ஒத்திருக்கிறதா என்று பார்த்தே ஒட்டுகிறார்கள். பிழைத்த நிலையில் ஒட்டிவிட்டால் அந்தக் கோணல் காரின் ஆயுட்காலத்துக்கும் நிலைத்துவிடும். உதிரிப்பாகங்களுக்குக் குறையில்லை. ஏபிங்டன் மூடப்பட்ட பின்னர், பழைய அச்சுகளைத் தேடியெடுத்து, 1988 முதல் எம்.ஜி.பியின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். ஐந்து இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியான காருக்கு அவ்வளவு தேவை இருந்தது.

பழைய கார் பிரியர்களிடையே ஓயாத வழக்கொன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைத்திருப்பதா, காலத்துக்கேற்ப மாற்றுவதா என்பதே அது. அவனது நண்பர் ஒருவர் திருகாணியைக்கூட மாற்றச் சம்மதிக்காதவர். பெறாமகனோ, ஈயம் கலந்த பெற்றோல் 2000ஆம் ஆண்டுடன் அங்கு நிறுத்தப்பட்டதால், வால்வு அமரும் இடங்களுக்குக் கடினமான உலோக வளையங்களைப் போடுவித்தான். 2021இல் பத்து வீதம் எதனோல் கலந்த பெற்றோல் வந்தபோது, பழைய இறப்பர் குழாய்கள் இளகிப் பழுதாகும் என்பதால் அவற்றையும் மாற்றினான். தீப்பொறி வழங்கும் பொயின்றுகளின் இடத்தில் இலத்திரனியல் கருவியொன்றைப் பழைய மூடிக்குள்ளேயே மறைத்து வைத்தான். எஸ்.யூ. காபரேற்றர் இரண்டையும் மட்டும் தொடவில்லை. எஞ்சின் எவ்வளவு காற்றைக் கேட்கிறதோ அந்த அளவுக்கு உள்ளிருக்கும் பிஸ்டன் தானாக உயர்ந்து, கூர்ஊசி விலகிப் பெற்றோலை விடும் எளிய கருவி. மேலுள்ள குழாயில் சிறிது ஒயில் விட்டு வைப்பதே அதற்கான பெரிய பராமரிப்பு.

வழக்கில் நான் அவன் பக்கம். மாற்றியமைப்பதற்கென்றே திறந்த இடத்தில் பிறந்த காருக்கு, 'மாற்றாதே' என்று கட்டளையிடுவது பொருந்தவில்லை. தொழிற்சாலைக்காரரே வெளியாரைப் பார்த்துக் கற்றதும் உண்டு. கென் கொஸ்ரெலோ என்ற பந்தய ஓட்டுநர் எம்.ஜி.பிக்குள் ரோவரின் எட்டுச் சிலிண்டர் அலுமினிய எஞ்சினைப் பொருத்தி விற்றார். நிறுவனம் அவரது காரை வரவழைத்துப் பார்த்தது. 1973இல் தானும் அவ்வாறே ஒரு காரை வெளியிட்டது. மறுபுறம், அமெரிக்கச் சட்டங்களுக்காக 1974இன் பிற்பகுதியில் காரைத் தரையிலிருந்து உயர்த்தி, கனத்த இறப்பர் பம்பர்களை மாட்டினார்கள். அதனால் வளைவுகளில் கார் சாய்ந்தோடியது. இன்று பலர் செலவழித்து அதைப் பழையபடி தாழ்த்துகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்ததெல்லாம் மேலானது என்று எவரும் சொல்லமுடியாது.

இவ்விடத்தில் அண்ணரின் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கைக்குக் கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஏ 40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் ஆகியவை தலைமுறைகளைத் தாண்டி ஓடியதற்கு அதுவே முதற் காரணம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் மறைந்தது. அப்போது மீண்டும் வீதிக்கு வந்தவை இந்தக் கிழட்டு வாகனங்கள்தாம். மண்ணெண்ணெயில் ஓடின.

ஏன் அவற்றால் முடிந்தது? ஏ 40 எஞ்சின் எரிகலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே அழுத்துகிறது. எம்.ஜி.பியில் அது ஒன்பதில் ஒரு பங்குக்குக் கிட்ட. மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காது. முந்திப் பற்றிக்கொண்டு எஞ்சினைத் தட்டும். ஸ்போர்ட்ஸ் காரின் வேகத்துக்குக் காரணமான அதே உறுப்பு, தடைக்காலத்தில் அதைக் கொட்டிலில் நிறுத்தியிருக்கும். சாதாரண காரின் மந்தமே அதற்கு உயிர் கொடுத்தது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது என்பதால், பொனற்றுக்குள் ஒரு சிறு போத்தலில் பெற்றோல் வைத்து, அதில் எஞ்சினைத் தொடக்கிச் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் அண்ணர். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மறுபடி பெற்றோலுக்கு. போருக்குப் பிந்திய இங்கிலாந்தின் ஃபேர்குசன் உழவு இயந்திரங்களும் இதே முறையில் இருவகை எண்ணெயில் ஓடியவை என்பதை அண்மையில்தான் அறிந்தேன். அண்ணர் அறிந்திருக்க நியாயமில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அதனால் தினமும் கோலை இழுத்து, இரு விரலுக்கிடையில் ஒயிலைத் தேய்த்து, முகர்ந்து பார்ப்பார்.

1993இல் ஒரு மழைநாள் இரவு, எங்கள் தாயாருக்கு நெஞ்சுநோ கண்டபோது, அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். போத்தலில் எஞ்சியிருந்த பெற்றோல் இரண்டு விரல் உயரம். முதல் முயற்சியில் எஞ்சின் பிடிக்கவில்லை. அண்ணர் பதறவில்லை, நான்கு பிளக்குகளையும் கழற்றிக் குசினி அடுப்பில் சூடாக்கி வந்து பூட்டினார். இரண்டாம் முறை பிடித்தது. தாயார் அதன்பின் பதினொரு ஆண்டுகள் இருந்தார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாண மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்தக் கார் பதினொரு பேரையும் ஒரு தையல் இயந்திரத்தையும் சுமந்துகொண்டு தென்மராட்சிக்குப் போனது. நடப்பவர்களின் வேகத்திலேயே ஊர்ந்ததால் சூடேறிப் பல தடவை நின்றது. அங்கு ஒரு மாமரத்தின் கீழ் விட்ட காரை அண்ணர் பின்னர் காணவில்லை. அவர் வெளியே எடுத்து வந்தது சாக்கில் சுற்றிய சாவித் தொகுதி மட்டும். அதற்குள் இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டுக் கத்தி ஒன்றும் இருந்தது.

கடந்த ஆண்டு மறுபடி லண்டன் போனேன். அண்ணர் இப்போது இல்லை. கார் முழுமையாகி, கடும்பச்சை நிறத்தில் நின்றது. பெறாமகன் வால்வு இடைவெளிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. கையிலிருந்தது தகப்பனாரின் அதே தகட்டுக் கத்தி. நுனியில் துருக்கறை, இலக்கங்கள் பாதி தேய்ந்திருந்தன.

"புதுசு வாங்கேலாதே?" என்று கேட்டேன்.

"கிடக்கு. ரண்டையும் வைச்சுப் பாத்தனான். இதுதான் சரி" என்றான்.

பிறகு காரைப் பின்புறத்தில் ஜாக்கியில் உயர்த்தி, கதவைத் திறந்து, என்னை மூடிப் பார்க்கச் சொன்னான். ஒரு விரலால் தள்ளினேன். எங்கும் இடிக்காமல் மூடிற்று.