கிளட்ச் தூசி: வீட்டு வாசலோடு நின்றுபோன சட்டம்

அமெரிக்காவுல பழைய பிக்கப் டிரக் வச்சிருக்கிற நிறைய பேர், கிளட்ச் தேஞ்சா ஒர்க்‌ஷாப்புக்குப் போகமாட்டாங்க. வீட்டு முன்னாடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒரு வார இறுதியில தாங்களே மாத்திடுவாங்க. அப்போ உள்ளே இருந்து கறுப்பா ஒரு தூசி கொட்டும். இன்னைக்கு எபிசோட் அந்தத் தூசியோட வரலாறு.

இந்தப் பழக்கம் ஃபோர்டு மாடல் டி காலத்துலயே இருக்கு. 1908-ல வந்த அந்த வண்டியை வாங்கினவங்கள்ல விவசாயிகள் அதிகம். பக்கத்துல மெக்கானிக் கிடையாது. அதோட கியர்பெட்டிக்குள்ள பருத்தி நாடா சுத்தின வளையங்கள் எண்ணெயில ஊறிக்கிட்டே இருக்கும். அது தேய்ஞ்சா, மேல்மூடியைக் கழட்டி, கையை உள்ளே விட்டு மாத்தணும். கை முழுக்க எண்ணெய் ஆகும், ஆனா தூசி பறக்காது. 1925-ல ஃபோர்டு தொழிற்சாலையிலேயே பிக்கப் உடல் பொருத்தி விற்க ஆரம்பிச்சது. விலை 281 டாலர். வாங்கினவரே ரிப்பேர் பார்க்கிற பழக்கமும் அந்த வண்டியோடு சேர்ந்தே வந்தது.

1927 கடைசியில மாடல் டி-க்குப் பதிலா மாடல் ஏ வந்தது. அதுல இருந்தது எண்ணெய் படாத உலர் கிளட்ச். இன்னைக்கு நாம பார்க்கிற உலர் கிளட்ச்சுல எஞ்சினோட சுத்துற ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல ஒரு தட்டு சிக்கியிருக்கும். பெடலை மிதிச்சா பிடி விடும். காலை எடுத்தா மறுபடி பிடிக்கும். பிடிக்கிற அந்த நொடியில தட்டு உரசி பயங்கரமா சூடாகும். பருத்தி அந்தச் சூட்டுல கருகிடும். கருகாம, மலிவா கிடைச்ச நார் ஆஸ்பெஸ்டாஸ். அதனால 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில கிளட்ச் தட்டிலும் பிரேக்கிலும் அதுதான் இருந்தது.

தேயுற தூசி எங்கே போகும்? கியர்பெட்டியின் முன்பக்கம் மணி மாதிரி ஒரு கூடு இருக்கு, பெல் ஹவுசிங். அதுல நிறைய தூசி அங்கேயே தங்கிடும். கிளட்ச் மாத்தணும்னா புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழட்டி, கியர்பெட்டியை ஜாக்கி மேல தாங்கி, பின்னாடி இழுக்கணும். அந்த நேரத்துல கீழே மல்லாந்து படுத்திருக்கிறவர் முகத்துக்கு நேரா அந்தக் கூடு திறக்கும். அப்புறம் பலரும் செஞ்சது, காத்தடிச்சு சுத்தம் பண்றது.

இதோட ஆபத்து தெரியாத காலமா அது? இல்லை. இங்கிலாந்தின் ராச்டேல்ல ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில வேலை பார்த்த நெல்லி கெர்ஷா இறந்ததைப் பத்தி 1924-லயே மருத்துவ இதழ்ல கட்டுரை வந்தது. 1931-ல அங்கே ஆலைகளுக்கு விதிமுறை வந்தது. ஆனா அமெரிக்காவுல பிரேக், கிளட்ச் வேலையைப் பத்தி தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நையாஷ் தனியா எச்சரிச்சது 1975-ல. சுற்றுச்சூழல் அமைப்பான ஈபிஏ மெக்கானிக்குகளுக்குக் கையேடு போட்டது 1986-ல.

1994-ல தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா தெளிவா விதி போட்டது. வாரத்துக்கு 5-க்கு மேல இப்படிப்பட்ட வேலை செய்யுற ஒர்க்‌ஷாப், தூசியை உறிஞ்சும் மூடிய அமைப்பையோ ஈரமா கழுவுற முறையையோ வைக்கணும். அதுக்குக் குறைவா செய்யுறவங்க ஈரத்துணி முறையில துடைக்கலாம்.

நல்ல விதிதான். ஆனா அது சம்பளத்துக்கு வேலை செய்யுறவருக்கு. வீட்டு முன்னாடி தன் டிரக்குக்கு அடியில படுத்திருக்கிறவருக்கு முதலாளி கிடையாது, அதனால ஓஷாவும் கிடையாது. அவருக்குக் கிடைச்சது அறிவுரை மட்டும். அதே சட்டையோட அவர் வீட்டுக்குள்ள போவார்; குழந்தையைத் தூக்குவார்.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். உரசல் சூட்டுல அந்த நாரின் பெரும்பகுதி வேற கனிமமா மாறிடுது. மெக்கானிக்குகளுக்கு மீசோதீலியோமா புற்றுநோய் அதிகமாகுதான்னு விஞ்ஞானிகள் மத்தியிலயும் நீதிமன்றங்கள்லயும் நீண்ட சண்டை நடந்திருக்கு. பல ஆய்வுகள் அதிகமில்லைன்னு சொல்லுது. அதுல சிலவற்றுக்குப் பணம் கொடுத்தது கார் தொழில்துறையே என்பது எதிர்த்தரப்பு வாதம். ஆனா இந்த நோய் வெளியே தெரிய பல பத்து வருஷம் ஆகும். மாற்றுமுறை ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணிதான் என்கிறப்போ, தீர்ப்பு வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?

1989-ல ஈபிஏ ஆஸ்பெஸ்டாஸ் பொருட்கள்ல பெரும்பாலானதைத் தடை பண்ணுச்சு. 1991-ல நீதிமன்றம் அதில் பெரும்பகுதியை ரத்து பண்ணுச்சு. 2024 மார்ச்லதான் மறுபடி தடை அறிவிச்சாங்க. வாகன உரசல் பாகங்களும் அதுல உண்டு. ஆனா ஏற்கெனவே வண்டிக்குள்ள இருக்கிற தட்டு தடை வந்ததால மறைஞ்சுடாது.

அதனால பழைய வண்டியில கை வைக்கிறவங்க, எந்த ஊர்ல இருந்தாலும், உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்குன்னே வச்சுக்கங்க. காத்தடிக்காதீங்க, காய்ஞ்ச துடைப்பத்தால பெருக்காதீங்க. மெதுவா தண்ணி தெளிச்சு, ஈரத்துணியால துடைச்சு, அந்தத் துணியைப் பையில கட்டிப் போடுங்க. வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி சட்டையை மாத்திட்டு, அதைத் தனியா துவைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.