குப்பைக்கும் கோத்திரம் உண்டு

ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கோபுரத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் 192 அடி உயர ராஜகோபுரம், பதினொரு நிலை, அரசாங்க முத்திரையில் இருப்பது அதுதான் என்ற ஊராரின் பெருமை. ராஜபாளையம் என்றால் சஞ்சீவி மலை, நூற்பாலைகள், வேட்டை நாய். இவற்றைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் கோபுர வாசலுக்குச் சற்றுத் தள்ளியுள்ள பால்கோவாக் கடையில், இரவு விளக்கை அணைப்பதற்கு முன் கூட்டித் தள்ளுகிறார்களே, அந்தக் குப்பையைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. நான் சொல்லப் போகிறேன். வாசகர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். சரித்திரமாகிவிட்ட குப்பை நாறாது.

வீட்டுக் குப்பை வேறு, வியாபாரக் குப்பை வேறு என்று நாம் நினைப்பதில்லை. சட்டம் நினைத்தது. 1920ஆம் ஆண்டின் சென்னை ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், ஆரம்பத்திலேயே சொற்களுக்கு அர்த்தம் சொல்லும் பகுதியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தூசி, சாம்பல், உடைந்த செங்கல், கண்ணாடித் துண்டு, அடுக்களைக் கழிவு, தோட்டத்துச் சருகு எல்லாம் 'குப்பை'. மனித மலம், சாணம், அழுகிய பொருள்கள் ஆகியவை 'அசுத்தம்'. சரி, இது யாருக்கும் புரிகிறது. ஆனால் ஒரு தொழிலையோ வியாபாரத்தையோ நடத்துவதால் வெளியே எறியப்படும் கழிவை எந்தப் பந்தியில் உட்கார வைத்தார்கள் தெரியுமா? மலத்துக்குப் பக்கத்தில்! வீட்டில் கிழிந்த துணி குப்பை. ஆலையில் விழுந்த பஞ்சுத் தூசி அசுத்தம். மனிதர்களுக்குத்தான் சாதி வகுத்தோம் என்று எண்ணியிருந்தேன். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் குப்பைக்கும் கோத்திரம் பார்த்திருக்கிறது.

இது கேலிக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. பழைய காலத்து அருவருப்பான தொழில்களான தோல் பதனிடுதல், எலும்பு காய்ச்சுதல், கொழுப்பு உருக்குதல் ஆகியவற்றைக் கண் முன் வைத்து அந்த வரியை எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் காலராவில் மடிந்த நூற்றாண்டு அது. நாற்றமே நோய் என்று நம்பிய தலைமுறை, தொழிற்சாலைக் கழிவையும் மலத்தையும் ஒன்றாகவே பார்த்தது. அந்தப் பார்வை கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1865இலும் 1871இலும் நகரச் சட்டங்கள் வந்தன. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்குப் பிறகு, 1884இல் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 1920ஆம் ஆண்டுச் சட்டம்.

அதே 1884இல் பாரிஸ் நகரத்தில் ஒரு கலகம் நடந்துகொண்டிருந்தது. யூஜின் பூபெல் என்ற அதிகாரி, ஒவ்வொரு கட்டிடத்தின் சொந்தக்காரரும் மூடியுள்ள தொட்டிகள் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அழுகுவது ஒன்றில், கந்தலும் காகிதமும் ஒன்றில், கண்ணாடியும் சிப்பியும் ஒன்றில். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் தங்கள் சோற்றில் மண் விழுந்தது என்று கூச்சலிட்டார்கள்; வீட்டுக்காரர்கள் செலவைப் பார்த்து முணுமுணுத்தார்கள். இன்று பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கே 'பூபெல்' என்றுதான் பெயர். ஒரு மனிதருக்கு இதைவிட நிலையான சிலை வைக்க முடியாது. காக்கை எச்சமிடும் என்ற பயமும் இல்லை.

நம் தேசத்தில் இந்த எண்ணமே இருந்ததில்லை என்று சொல்லிவிடக் கூடாது. தெருவில் புழுதி கொட்டினால் அரைக்கால் பணம், சேறும் தண்ணீரும் தேங்கவிட்டால் கால் பணம், ராஜபாட்டையில் செய்தால் இரட்டிப்பு என்று அர்த்தசாஸ்திரம் அபராதம் விதிக்கிறது. வசூலானதா என்பதைக் கௌடில்யரிடம்தான் கேட்க வேண்டும்.

இனி ராஜபாளையத்துக்கு வருவோம். 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. பஞ்சாலையில் கழிவு என்பது ஒரே பொருள் அல்ல. பேலைப் பிரித்து அடிக்கும்போது கீழே விழுவது விதைத் துணுக்கும் தூசியும். கார்டிங் இயந்திரத்தில் உரிபடுவது ஒருவகை. கோம்பர் இயந்திரம் சீவித் தள்ளும் குட்டை இழை இன்னொருவகை. கடைசியில் தரையைக் கூட்டி அள்ளுவது. சட்டத்தின் கணக்கில் நான்கும் அசுத்தம். வியாபாரியின் கணக்கில் நான்குக்கும் நான்கு விலை! குட்டை இழையை வெளுத்தால் ஆஸ்பத்திரிப் பஞ்சு. கொஞ்சம் மட்டமானதை ஓப்பன் எண்ட் இயந்திரத்தில் நூற்றால் முரட்டு நூல். அதிலிருந்து ஜமுக்காளம், போர்வை. எதற்கும் ஆகாததும் இயந்திரத்தின் எண்ணெய்க் கையைத் துடைக்க ஆகும். கழிவுப் பஞ்சு வாங்குவதற்கென்றே வியாபாரிகள் உண்டு. எடை போட்டுப் பணம் கொடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். எது கழிவு என்று தீர்மானிப்பது சட்டப் புத்தகமா, தராசா என்று கேட்டால், நான் தராசின் பக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கேள்வி இன்னும் சுவையானது. பால்கோவாக் கடை அடுப்பில் விறகு எரிந்து விழும் சாம்பல் குப்பை. வாணலியின் அடியில் தீய்ந்த பாலைச் சுரண்டி எறிந்தால், அது தொழிலால் வந்த கழிவு, ஆகையால் அசுத்தம். இரண்டையும் ஒரே துடைப்பம்தான் கூட்டுகிறது. பொழுது போகாத வக்கீல்கள் இதில் ஒரு வழக்கே நடத்தலாம். இன்னொன்றும் தோன்றுகிறது. ஒருத்தி சூடிக் களைந்த மாலையைத் தெய்வம் விரும்பி ஏற்றது என்று சொல்லிப் பெருமைப்படும் ஊர் இது. இன்றும் ஆண்டாள் சூடிய மாலை திருப்பதிக்குப் பிரம்மோத்ஸவத்துக்கும் மதுரைக்குச் சித்திரைத் திருவிழாவுக்கும் மரியாதையாகப் போகிறது. களைந்தது எல்லாம் கழிவு என்று இந்த ஊரில் போய்ச் சொன்னால் எடுபடாது.

சட்டத்தின் கை எப்படி நீண்டது? லைசென்ஸ் மூலமாக. அதே சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் கண்ட தொழில்களை நடத்த நகரசபையின் அனுமதி வேண்டும். ஆபத்தான, அருவருப்பான தொழில்களுக்கான இந்த லைசென்ஸுக்குக் கடைத்தெருவில் 'டி அண்ட் ஓ' என்று பெயர். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால், கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியதைக் காட்டுவார்கள். தம் தொழில் 'அருவருப்பானது' என்று சர்க்கார் எழுதிக் கொடுத்ததை இப்படி மாலை போட்டு மாட்டி வைக்கும் ஜனங்கள் வேறெங்கும் இருப்பார்களா என்பது சந்தேகமே. கழிவைக் கண்ட இடத்தில் கொட்டினால் லைசென்ஸை ரத்து செய்யலாம் என்பது தத்துவம். நடைமுறையோ வேறு. ஆரம்ப காலத்தில் நகரசபைக்கு ஓட்டுப் போடும் உரிமை வரி கட்டுகிறவர்களுக்குத்தான் இருந்தது. வரி கட்டியவர்கள் கடைக்காரர்களும் நிலச்சுவான்தார்களும். அபராதம் போட வேண்டியவரும் கட்ட வேண்டியவரும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்காரும் ஊரில் விதி என்ன செய்யும்?

ஆகவே கடைக்காரர் கொட்டினார், யாரோ அள்ளினார்கள். அந்த 'யாரோ' யார் என்பதில்தான் அந்தப் பழைய வரியின் கொடுமை இருக்கிறது. மலத்தையும் கடைக் கழிவையும் ஒரே சொல்லில் அடக்கிய சட்டம், இரண்டையும் ஒரே கைகளில் கொண்டுபோய் வைத்தது. தலைமுறை தலைமுறையாக ஒரு சில சாதியாரின் கைகள் அவை. கூடையும் தகரமும் வண்டியும் அவர்களுக்கு. கல்லாப் பெட்டி மற்றவர்களுக்கு. அள்ளியது நகரசபையின் சொத்து. பெங்களூரில் ஆசார்யா வகுத்த முறைப்படி குழியில் மலமும் குப்பையும் அடுக்கடுக்காகப் போட்டு உரமாக்கி, நகரசபைகள் விவசாயிகளுக்கு விற்றன. அதிலும் காசு வந்தது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இல்தான் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொன்று வந்தது. இத்தனை வருஷம் ஏன் ஆயிற்று என்பதற்கு எந்த முனிசிபல் கமிஷனரும் பதில் சொன்னதாக நான் படித்ததில்லை.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1994இல் சூரத்தில் பிளேக் பயம் நாட்டையே உலுக்கியது. 1996இல் அல்மித்ரா பட்டேல் என்ற அம்மாள் சுப்ரீம் கோர்ட்டில் குப்பைக்காக ஒரு வழக்குத் தொடுத்தார். அதன் பலனாக 2000ஆம் ஆண்டில் நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016இல் அவற்றைத் திருத்தி எழுதினார்கள். அந்த 2016 விதிகள் முதல் தடவையாக வியாபாரியைப் பெயர் சொல்லி அழைத்தன. நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் கழிக்கும் ஹோட்டலோ ஆலையோ கல்யாண மண்டபமோ, 'பெருமளவில் கழிவு உண்டாக்குபவர்' என்றது. உன் கழிவை நீயே பிரித்து வை, ஈரக் கழிவைக் கூடுமானவரை உன் இடத்திலேயே உரமாக்கு, எடுத்துப் போகிறவர்களுக்குக் கட்டணம் கொடு என்றது. பிரித்து வைப்பதற்கு எத்தனை வகை சொன்னார்கள்? மூன்று. பூபெல் துரைக்கு 132 வருஷம் கழித்து ஒரு வணக்கம்!

2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் கோப்பை முதலிய பதினான்கு பொருள்களுக்குத் தடை வந்தது. அதே 2019இல்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேருக்குக் காவல் கிடைத்த வருஷத்தில் பைக்குக் காவல் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் அரசாங்கமே மஞ்சப் பையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னது. பட்டணத்தில் எந்தப் பையைக் கண்டு 'பட்டிக்காட்டான்' என்று சிரித்தார்களோ, அந்தப் பை மேடையேறியது.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டியில் வேறொரு மஞ்சள் பையின் கதை தொடங்குகிறது. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்வதற்குப் பேர்போன ஊர் அது. அங்கே வெள்ளை வெளேர் என்று புறப்பட்ட துணி, எங்கேயோ ஒரு நோயாளியின் புண்ணைக் கட்டி, ரத்தம் தோய்ந்து அவிழ்க்கப்படுகிறது. 1998இல் முதலில் வந்து 2016இல் மாற்றி எழுதப்பட்ட மருத்துவக் கழிவு விதிகளின்படி, அது போக வேண்டிய பை மஞ்சள் பை. அந்தப் பை பெரும்பாலும் எரியுலைக்குப் போகும்.

1920ஆம் ஆண்டுச் சட்டம், 1998இல் எழுதப்பட்டுக் காத்துக் கிடந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்துக்கு இடம் விட்டு, 2023 ஏப்ரலில் விலகிக்கொண்டது. நூற்று மூன்று வருஷம் பிழைத்திருந்தது. பல கடைகளில், கண்ணாடி போட்ட பழைய 'டி அண்ட் ஓ' இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.